உளப்பாட்டுத் தன்மையும் குடும்ப உபவாச மன்றாட்டும்

தமிழ்க் கிறித்தவ மொழிநடையைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் சொல்லளவிலேயே நின்றுவிடுகின்றன. தேவனா இறைவனா, ஜெபமா மன்றாட்டா, பரிசுத்தமா தூய்மையா என்னும் வினாக்கள் மீண்டும் மீண்டும் எழுப்பப்படுகின்றன. மன்றாட்டு என்பது சொற்களின் தொகுப்பு மட்டுமன்று. அது ஒருவர் மற்றொருவரை நோக்கிக் கூறும் கூற்று. அதில் தன்மையும் முன்னிலையும் படர்க்கையும் உண்டு. ஒரு வீட்டில் ஒருவர் உணவை விலக்கி, தம் வீட்டார் அனைவரும் மனந்திரும்பிப் புதுவாழ்வு பெற வேண்டும் என்று மன்றாடும்போது, அவ்வீட்டார் எந்த இடத்தில் நிற்கின்றனர்? மன்றாடுபவர் தம்மை எங்கே வைத்துக்கொள்கிறார்? இறையியல் வினாவாகத் தோன்றினாலும் இது முதலில் இலக்கண வினாவாகும். 1871இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பின் வழிவந்ததும் சீர்திருத்தத் திருச்சபையினரிடையே பழைய மொழிபெயர்ப்பு என வழங்குவதுமாகிய விவிலியத்தையும், கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து 1995இல் வெளியிட்ட திருவிவிலியத்தையும், இவற்றையொட்டி வளர்ந்துள்ள மன்றாட்டு வழக்கையும் இந்நோக்கில் இக்கட்டுரை ஆராய்கிறது.

திரும்புதலும் திருப்புதலும்

எபிரேய மறைநூலில் மனந்திரும்புதலைக் குறிக்கும் வினை 'ஷூவ்' என்பதாகும். வழிதவறியவன் திரும்பி வருதல், போனவன் மீளுதல் என்பதே அதன் அடிப்படைப் பொருள். மனம் என்னும் சொல் அதனுள் இல்லை. கிரேக்கத்தில் இப்பொருட்பரப்பு இரண்டாகப் பிரிகிறது. 'மெட்டனொயியா' என்பது எண்ணம் மாறுதல். 'எபிஸ்ட்ரெஃபோ' என்பது திரும்புதல். இந்த இரு மரபுகளையும் ஒரே சொல்லில் தாங்கிக்கொள்வதற்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கண்ட வழியே 'மனந்திரும்பு' என்னும் தொகைவினை. எபிரேயத்தின் திரும்புதலும் கிரேக்கத்தின் மனமும் இதில் கூடியுள்ளன. இது மிகச் சிறந்த ஆக்கம் என்பதில் ஐயமில்லை.

இந்திய மொழிகளோடு ஒப்பிடும்போது இதன் தனித்தன்மை விளங்கும். இந்தி விவிலியத்தின் 'மன் ஃபிராவோ' என்னும் தொடர் செயப்படுபொருள் குன்றாவினை. மனத்தைத் திருப்புவது மனிதனின் செயலாகிறது. தெலுங்கில் 'மாருமனஸ்ஸு பொந்துடி'. மாறிய மனம் பெற்றுக்கொள்ளப்படும் ஒன்றாகிறது. மலையாளத்தின் 'மானசாந்தரப்படுவின்' என்பதில் படுதல் என்னும் துணைவினை அமைந்து, மனமாற்றம் ஒருவருக்கு நேர்வதாகிறது. தமிழின் மனந்திரும்பு இம்மூன்றினின்றும் வேறுபட்டது. இதில் மனம் எழுவாயும் அன்று, செயப்படுபொருளும் அன்று. 'அவன் மனந்திரும்பினான்' எனும்போது வினைமுற்று அவனோடுதான் இயைகிறது. மனம் என்பதற்கு முன் 'கெட்ட' என்றோ 'கடின' என்றோ அடைசேர்த்து இவ்வினையைக் கையாள முடிவதில்லை. பெயர் வினைக்குள் கரைந்துவிட்டது என்பதற்கு இதுவே சான்று. மகரமெய் நகரமாகத் திரிந்து எழுதப்படும் மரபும் இதை உறுதிப்படுத்துகிறது.

இந்தக் கரைவுக்கு ஒரு விலை கொடுக்கப்பட்டுள்ளது. திரும்பு, திருப்பு என்பவை தமிழின் இயல்பான தன்வினை பிறவினை இணை. எழும்பு எழுப்பு, நிரம்பு நிரப்பு என்பன போன்றதே இதுவும். மனந்திரும்பு என்பதற்கோ இத்தகைய பிறவினை வழக்கில் அமையவில்லை. 'மனத்தைத் திருப்பு' என்றால் கவனத்தை வேறொன்றில் செலுத்து என்றே பொருள்படுகிறது. ஆகவே பிறர் மனந்திரும்ப வேண்டும் என மன்றாடுவோர் 'மனந்திரும்பச் செய்யும்', 'மனந்திரும்பப் பண்ணும்' என்று துணைவினையை நாடுகின்றனர். அல்லது 'சந்தியும்', 'தொடும்' என்று வேறு வினைகளுக்குத் தாவுகின்றனர்.

புத்துயிர்ப்பைக் குறிக்கச் சீர்திருத்தச் சபையினர் வழங்கும் 'எழுப்புதல்' என்னும் தொழிற்பெயரோ பிறவினையடியாகப் பிறந்தது. அங்கே எழுப்புபவர் இறைவன் என்பது சொல்லிலேயே அமைந்துள்ளது. ஒரே மன்றாட்டில் இரு பொருள்களும் அடுத்தடுத்து வரும்போது, மனந்திரும்புதல் மனிதனின் தன்வினையாகவும் எழுப்புதல் இறைவனின் பிறவினையாகவும் நிற்கின்றன. யாரும் திட்டமிட்டுச் செய்த பங்கீடு அன்று இது. ஆயினும் கேட்பவர் உள்ளத்தில் இது ஒரு வரிசையை நிறுவுகிறது: முதலில் அவர் திரும்பட்டும், பிறகு இறைவன் எழுப்புவார்.

மூலநூல் இவ்வாறு பங்கிடவில்லை. புலம்பல் நூலின் இறுதி அதிகாரத்தில் ஷூவ் என்னும் வினை பிறவினையாகவும் தன்வினையாகவும் ஒரே வாக்கியத்தில் வருகிறது. பழைய மொழிபெயர்ப்பு அங்கே 'திருப்பிக்கொள்ளும்' என்றும் 'திரும்புவோம்' என்றும் பெயர்த்துள்ளது. எபிரேயத்தின் வினைவடிவ வேறுபாட்டைத் தமிழின் மெய்ம்மாற்றம் எத்தகைய உதவியும் இன்றி ஏற்றுக்கொள்கிறது. பல ஐரோப்பிய மொழிகளுக்கு இவ்வசதி இல்லை. 'கொள்' என்னும் துணைவினை, திருப்புபவர் தம்மிடமாகவே திருப்புகிறார் என்னும் பொருளையும் சேர்க்கிறது. அதே வாக்கியத்தின் பிற்பகுதி நாள்களைப் புதுப்பித்தலைப் பற்றியது. மனந்திரும்புதலும் புதுப்பித்தலும் ஒரே மூச்சில், ஒரே செய்பவரிடம் வேண்டப்படுகின்றன. குடும்பத்தைப் பற்றி மல்கியா நூலின் முடிவில் வரும் பகுதியும் இத்தகையதே. தந்தையரின் இதயம் பிள்ளைகளிடமும் பிள்ளைகளின் இதயம் தந்தையரிடமும் திருப்பப்படும் என்பது அங்குள்ள கருத்து. பழைய மொழிபெயர்ப்பு 'திருப்பு' என்னும் பிறவினையையே ஆள்கிறது. முதலில் தந்தையர் பெயரும் பின்னர்ப் பிள்ளைகள் பெயரும் வருவதும் நோக்கத்தக்கது.

திருத்தூதர் பணிகள் மூன்றாம் அதிகாரத்தில் கிரேக்கத்தின் இரு வினைகளும் சேர்ந்து வருமிடத்தில், திரும்பு என்னும் வேர் ஏற்கெனவே முதல் வினைக்குச் செலவாகிவிட்டதால், பழைய மொழிபெயர்ப்பு இரண்டாவதற்குக் 'குணப்படு' என்னும் வினையை நாடிற்று. குணம் நற்பண்பைக் குறித்த காலத்தில் இது பொருந்தியிருக்கலாம். இன்று குணமாதல் நோய் நீங்குதலைக் குறிக்கிறது. இக்கால வாசகர் அவ்விடத்தில் நோய் தீர்தலைப் பற்றிய செய்தியைப் படித்துச் செல்லக்கூடும்.

1995ஆம் ஆண்டின் திருவிவிலியம் புதிய ஏற்பாட்டில் 'மனம் மாறு' என்பதைத் தேர்ந்துகொண்டது. மெட்டனொயியாவுக்கு இது நெருக்கமானதே. மாறு, மாற்று என்னும் இணையும் இதற்கு உண்டு. ஆயினும் திசை என்னும் கூறு இதில் இல்லை. மாறுதலுக்கு எங்கிருந்து, எங்கே என்னும் வினா கட்டாயமில்லை, திரும்புதலுக்கு உண்டு. யோவேல் இறைவாக்கினரின் திரும்புதலிலிருந்து திருமுழுக்கு யோவானின் அழைப்புக்கு வரும் வாசகர் இரண்டும் ஒன்றே என உணரும் வாய்ப்பு குறைகிறது. அன்றாட வழக்கில் மனம் மாறுதல் முடிவை மாற்றிக்கொள்வதையும் குறிக்கும். வீடு விற்க எண்ணியவர் மனம் மாறலாம். மேலும் மனமாற்றம் என்னும் தொழிற்பெயர் மதமாற்றம் என்பதோடு ஓரெழுத்தில் மட்டுமே வேறுபடுகிறது. வெவ்வேறு சமயத்தார் ஒரே குடும்பத்தில் வாழும் நாட்டில், அவ்வோரெழுத்தைக் காது தவறவிடுவது எளிது.

படர்க்கையை உளப்படுத்தல்

எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் தன்மைப் பன்மை ஒன்றே. தமிழில் நாம், நாங்கள் என இரண்டு. தெலுங்கு, மலையாளம், மராத்தி, குஜராத்தி ஆகியவற்றிலும் இவ்வேறுபாடு உண்டு; கன்னடம் இதனை இழந்துவிட்டது. இறைவனை முன்னிலையாக்கிப் பேசும் மன்றாட்டில் 'நாம்' வர இயலாது. வந்தால் இறைவனும் பாவம் செய்தவர் கூட்டத்தில் சேர்ந்துவிடுவார். எனவே மொழிபெயர்ப்பாளர் எங்கும் 'நாங்கள்', 'எங்கள்' என்பவற்றையே ஆள்கின்றனர். இது தெளிவு. இதற்கு அப்பால் உள்ளதே கவனிக்கத்தக்கது.

தன்மைப் பன்மையைத் தமிழ் இலக்கணம் உளப்பாட்டுத் தன்மை என்று பெயரிட்டு அழைத்தது. பேசுபவன் பிறரைத் தன்னுள் அடக்கிப் பேசுதல் என்பது இதன் பொருள். நன்னூலார் அம், ஆம் என்னும் ஈறுகள் முன்னிலையாரையும், எம், ஏம், ஓம் என்னும் ஈறுகள் படர்க்கையாரையும் தன்னோடு சேர்ப்பன என வகுத்தார். இக்காலத் தமிழில் ஓம் ஈறு இரு வகைக்கும் பொதுவாகிவிட்டதெனினும், பழைய வகைப்பாடு மன்றாட்டு மொழிக்கு வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது.

நெகேமியா நூலின் முதல் அதிகாரம் இதற்குச் சான்று. எருசலேமின் அழிவைக் கேள்வியுற்ற நெகேமியா நாள்கணக்கில் அழுது, உபவாசித்து மன்றாடுகிறார். அம்மன்றாட்டில் தம்மையும் தம் தந்தை வீட்டாரையும் உம்மையால் இணைத்து ஓம் ஈற்று வினையால் முடிக்கிறார். இறைவன் முன்னிலை, வீட்டார் படர்க்கை, ஆயினும் வினைமுற்றில் அவர்கள் பேசுபவரோடு உளப்படுகின்றனர். தானியேல் நூலின் ஒன்பதாம் அதிகார மன்றாட்டும் உபவாசத்தோடு கூடியது; அங்கும் பாவ அறிக்கை தன்மைப் பன்மையிலேயே நடக்கிறது. தானியேல் தம்மைத் தனியே பிரித்துக்கொண்டு மக்களின் குற்றத்தைப் பட்டியலிடவில்லை.

இன்றைய குடும்ப உபவாச மன்றாட்டின் வழக்கை இதனோடு ஒப்பிட்டால் ஓர் இடப்பெயர்ச்சி புலப்படும். 'இரட்சிக்கப்படாத கணவருக்காக', 'இரட்சிக்கப்படாத பிள்ளைகளுக்காக' என்னும் தொடர்கள் சீர்திருத்த, பெந்தெகொஸ்தே சபைகளின் வழக்கில் நிலைபெற்றவை. எதிர்மறைப் பெயரெச்சம் இங்கு ஒரு வகைப்பெயராக உறைந்துவிட்டது. பெயரெச்சத்துக்குத் தன்மை, படர்க்கை என்னும் இடக்குறி இல்லை. ஆகவே பேசுபவர் அதனுள் நுழைவதற்கு வழியும் இல்லை. உளப்பாட்டுத் தன்மை வெறும் படர்க்கையாகிவிடுகிறது. மன்றாடுபவர் பாவ அறிக்கையின் எழுவாயிலிருந்து விலகி, கோரிக்கையின் எழுவாயாக மட்டும் எஞ்சுகிறார்.

விவிலியத்தில் படர்க்கை மாதிரியே இல்லை என்று கூறுவது பொருந்தாது. யோபு தம் பிள்ளைகள் ஒருவேளை பாவம் செய்திருக்கக்கூடும் எனக் கருதி அவர்களுக்காகப் பலி செலுத்துகிறார். அங்குப் பிள்ளைகள் முற்றிலும் படர்க்கையரே. ஆனால் அக்கூற்றின் 'ஒருவேளை' மிக முதன்மையானது. யோபு ஐயத்தில் பேசுகிறார். உறைந்த பெயரெச்சமோ தீர்ப்பில் பேசுகிறது.

இதன் விளைவு ஏட்டளவினது அன்று. மாலையில் வீட்டார் கூடியிருக்கும் குடும்ப ஜெபத்தில் ஒருவர் வாய்விட்டு மன்றாடுவார், மற்றவர் கேட்டுக்கொண்டிருப்பர். முன்னிலை இறைவனாக இருப்பினும், யாரைப் பற்றி மன்றாட்டு நிகழ்கிறதோ அவர் பாயில் பக்கத்திலேயே அமர்ந்திருக்கிறார். அவர் காதில் விழுவது 'எங்களைத் திருப்பும்' என்பதா, 'இவரை மனந்திரும்பச் செய்யும்' என்பதா என்பதைப் பொறுத்து அது வேண்டுதலாகவும் குற்றச்சாட்டாகவும் அமையலாம்.

குடும்ப மன்றாட்டில் பெரிதும் சார்ந்து நிற்கப்படும் மற்றொரு பகுதி திருத்தூதர் பணிகள் பதினாறாம் அதிகாரத்தில் பிலிப்பிச் சிறைக்காவலனுக்குக் கூறப்பட்ட விடை. கிரேக்கத்தில் நம்பு என்னும் ஏவல் ஒருமை. மீட்படைவாய் என்னும் வினையும் ஒருமையே. 'நீயும் உன் வீடும்' என்பது அவ்வொருமை வினைக்குப் பின் சேர்க்கப்படுகிறது. தமிழில் உம்மைத்தொடர் எழுவாயானால் வினை பன்மையாவது கட்டாயம். பழைய மொழிபெயர்ப்பில் ஏவல் 'விசுவாசி' என ஒருமையிலும், பயன் 'இரட்சிக்கப்படுவீர்கள்' எனப் பன்மையிலும் உள்ளன. ஒருவரின் நம்பிக்கைக்கு அனைவரின் மீட்பு பயனாகும் என்னும் வாய்பாடு மூலத்தைவிடத் தமிழில் அழுத்தம் பெற்றுவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர் மீது இதில் குறையில்லை; தமிழ் வேறு வழி தரவில்லை. ஆனால் அடுத்த வாக்கியத்தில் வீட்டிலிருந்த அனைவருக்கும் செய்தி அறிவிக்கப்படுகிறது. இவ்விரண்டையும் பிரித்து முதலாவதை மட்டும் சுவரில் மாட்டுவது மொழிபெயர்ப்பின் பிழையன்று, வாசிப்பின் பிழை.

உபவாசம், நோன்பு, ஒருசந்தி

உபவாசம் என்னும் வடசொல் அருகில் தங்குதல் என்னும் வேர்ப்பொருள் உடையது. இறைவனருகில் தங்குதலே உபவாசம் என்று சொற்பொழிவுகளில் விளக்கம் தரப்படுவதுண்டு. அழகிய விளக்கமே எனினும், அது விவிலியத்தின் பொருளன்று. எபிரேய 'ஸோம்' உணவு விலக்கலையே குறிக்கிறது. லேவியர் நூல் பாவக்கழுவாய் நாளைப் பற்றிக் கூறும் மற்றொரு தொடர் உயிரை வருத்துதல் எனப் பொருள்படும். பழைய மொழிபெயர்ப்பு அதனை ஆத்துமாக்களைத் தாழ்மைப்படுத்துதல் எனப் பெயர்த்து, உடல் வருத்தத்தை உளப்பண்பாக்கிவிட்டது. பொறுத்தல் என்னும் பொருளுடைய நோல் என்னும் வேரினின்று பிறந்த நோன்பு இவ்வெபிரேயத் தொடருக்கு மிக அணுக்கமானது. திருக்குறளின் தவம் என்னும் அதிகாரம் தவத்தின் வடிவைக் கூறும்போது தனக்கு நேர்ந்த துன்பத்தைப் பொறுத்தலையும் பிற உயிர்க்குத் தீங்கு செய்யாமையையும் இணைத்தே கூறுகிறது.

நோன்பு குடும்பத்தோடும் நெருங்கிய தொடர்புடைய சொல். காரடையான் நோன்பு கணவனின் நீண்ட வாழ்வுக்காக மனைவி மேற்கொள்வது. ஒருவர் நோற்க மற்றவர் பயன்பெறுதல் என்னும் கருத்து இச்சொல்லில் ஊறியுள்ளது. கிறித்தவக் குடும்பங்களில் பிறருக்காக உபவாசிப்பவர் பெரும்பாலும் தாயாகவோ மனைவியாகவோ இருப்பதன் பின்னணியில் இம்மரபின் தாக்கம் இருக்கக்கூடும் எனக் கருத இடமுண்டு.

கத்தோலிக்கத் தமிழ் ஒருசந்தி, சுத்தபோசனம் என இரு சொற்களை வழங்கிவந்தது. முன்னது ஒருவேளை மட்டும் முழு உணவு கொள்ளுதல். பின்னது இறைச்சி விலக்கல். கேரளத்தின் சிரியன் கிறித்தவர்களும் உபவாசத்தையும் நோம்பையும் வேறுபடுத்துவர். நினிவே மக்களின் உபவாசத்தை நினைவுகூரும் மூன்று நோம்பு அவர்களிடையே இன்றும் வழங்குகிறது. தானியேல் மூன்று வாரம் மேற்கொண்டது சுவையான உணவையும் இறைச்சியையும் திராட்சை இரசத்தையும் விலக்கிய விரதமேயன்றி முழுப்பட்டினி அன்று. '21 நாள் உபவாச ஜெபம்' என்னும் இன்றைய வழக்கு எண்ணை அங்கிருந்து பெற்றுக்கொண்டு, வேறுபாட்டை விட்டுவிட்டது. ஒருசந்தியும் சுத்தபோசனமும் வழக்கில் அருகி, நோன்பு என்னும் ஒரு சொல்லே பெரும்பாலும் எல்லாவற்றையும் தாங்க நேர்ந்திருப்பது மொழிவளத்தில் ஓர் இழப்பே.

உண்ணாமையைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் யாரை நோக்கியவை என்பதும் நினைவில் வைக்கத்தக்கது. பட்டினி கிடத்தல் யாரையும் நோக்கியதன்று. உண்ணாவிரதம் மனிதரை நோக்கியது. அதற்குக் கோரிக்கை உண்டு, எதிர்த்தரப்பு உண்டு. நோன்பும் உபவாசமும் இறைவனை நோக்கியவை. குடும்பத்தில் இந்த எல்லை எளிதில் அழிகிறது. தன் பொருட்டு மனைவியின் அல்லது தாயின் தட்டு வெறுமையாக இருப்பதைக் காண்பவருக்கு, அவர் எச்சொல்லைக் கூறினாலும், அது உண்ணாவிரதமாகவே தோன்றக்கூடும். பீனிக்ஸ் குடியிருப்பில் இருவரின் ஒழுக்கத் தவற்றுக்காகக் காந்தியடிகள் ஏழு நாள் உபவாசம் இருந்தபோது, காப்பாளர் என்னும் முறையில் அத்தவற்றில் தமக்கும் பொறுப்பு உண்டு என்றே அதற்குக் காரணம் கூறினார். உண்ணாமையைக் கழுவாயாக்கியது அந்த உளப்பாடே.

எசாயா நூலின் ஐம்பத்தெட்டாம் அதிகாரம் உபவாசத்தைப் பற்றிய விவிலியத்தின் மிகக் கடுமையான விமரிசனம். வழக்காடிக்கொண்டும் சண்டையிட்டுக்கொண்டும் உபவாசிப்பதை அது ஏற்பதில்லை. பசித்தவனுக்கு உணவு பகிர்தல், வறியோரை வீட்டில் சேர்த்தல் எனத் தொடரும் வரிசையின் முடிவில், சொந்த உறவினரிடமிருந்து தன்னை மறைத்துக்கொள்ளாமை உபவாசத்தின் இலக்கணமாகக் கூறப்படுகிறது. எபிரேயத்தில் அவ்விடத்தில் உள்ள 'பாசார்' ஊனையும் குறிக்கும், ஒரே ஊனைச் சேர்ந்த உறவையும் குறிக்கும். பழைய மொழிபெயர்ப்பு 'மாம்சமானவன்' என்று பெயர்த்தது. தமிழில் மாம்சம் உண்ணும் இறைச்சியையும் உடலின் இச்சையையும் நினைவூட்டுமேயன்றி உறவை நினைவூட்டுவதில்லை. உறவுக்குத் தமிழ் இரத்தத்தையே சுட்டும். இச்சொல்லால் குடும்பத்தைப் பற்றிய ஒரு கூற்று தமிழ் வாசகரின் கண்ணில் படாமலே போயிற்று. உணவு விலக்குபவர் வீட்டாரிடம் முகம் கொடுக்க வேண்டும் என்று உபவாசத்தைப் பற்றிய இந்த அதிகாரமே கூறுவது, 'உன் சொந்த இரத்தம்' என்றோ 'உன் உடன்பிறந்தோர்' என்றோ பெயர்க்கப்பட்டிருப்பின், வீட்டு மன்றாட்டில் முதலில் வாசிக்கப்படும் பகுதியாக இருந்திருக்கும்.